குட்டிப் பாம்பு சட்டை உரிக்கும் நாட்களில் இரையும் கவனிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பு வளர்க்கத் தொடங்கியவர்கள் முதலில் கலங்கிப்போவது பெரும்பாலும் சட்டை உரிக்கும் வாரத்தில்தான். நேற்றுவரை நாக்கை நீட்டி நீட்டி ஊர்ந்துகொண்டிருந்த குட்டி, கண் வெளுத்து, நிறம் மங்கி, இரையையும் தொடாமல் மறைவிடத்தில் கிடக்கும். ஏதாவது செய்தாக வேண்டும் என்று நமக்குக் கை பரபரக்கும். சட்டை உரிப்பதால் வரும் தொல்லைகளை விட இந்தப் பரபரப்பால் வரும் தொல்லைகளே அதிகம். கீழே உள்ள பதில்கள் வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் விஷமில்லாத இனங்களை, குறிப்பாகக் கார்ன் பாம்பு (corn snake), கிங் பாம்பு (kingsnake), பால் பைத்தான் (ball python என்ற சிறிய மலைப்பாம்பு) ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதியவை. வேறு இனம் என்றால் வெப்பம், ஈரப்பதம் பற்றிய எண்கள் மாறும். மற்றவை ஏறக்குறையப் பொருந்தும்.

குட்டியின் இரண்டு கண்ணும் நீலம் பூத்து மங்கிவிட்டன. பார்வை போய்விட்டதா?

போகவில்லை. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் ஒற்றைச் செதில் ஒன்று மூடியிருக்கும்; உடல் தோலோடு சேர்ந்து அதுவும் உரியும். அடியில் புதுத் தோல் உருவான பிறகு, பழையதற்கும் புதியதற்கும் நடுவே ஒரு திரவம் ஊறி இரண்டையும் பிரிக்கிறது. கண் செதிலுக்கு அடியிலும் அது ஊறுவதால்தான் கண் நீலச் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. சில நாட்கள் பார்வை மங்கலாக இருக்கும், பிறகு தானே தெளிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மங்க வேண்டும். ஒரு கண் மட்டும் மங்கி மற்றது தெளிவாக இருந்தாலோ, கண் புடைத்திருந்தாலோ அது சட்டை உரிக்கும் அறிகுறி இல்லை. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கண் தெளிந்துவிட்டது, ஆனால் சட்டை உரியவில்லையே?

இன்னும் நேரம் இருக்கிறது. இதன் வரிசை தெரிந்துவிட்டால் பாதிக் கவலை போய்விடும். முதலில் நிறம் மங்கும். பால் பைத்தான் போன்றவற்றில் வயிற்றுப் பக்கம் இளஞ்சிவப்பாக மாறும். அதுதான் முதல் தடயம், பலர் கவனிக்காமல் விடுவதும் அதுவே. அப்புறம் கண் வெளுக்கும். சில நாட்களில் கண் தெளியும். உடலின் நிறமும் ஓரளவு திரும்பும். அதற்குப் பிறகு இரண்டு முதல் நான்கு நாட்கள் கழித்துத்தான் சட்டை கழலும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும்.

கண் தெளிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஈரப்பதத்தைக் குறைத்துவிடுகிறார்கள். ஈரம் அதிகம் வேண்டியிருப்பது அந்த இடைப்பட்ட நாட்களில்தான்.

கழலும் வேலை தொடங்கினால் சீக்கிரம் முடிந்துவிடும். மூக்கையும் உதட்டு ஓரத்தையும் சொரசொரப்பான எதிலாவது தேய்த்துத் தோலைக் கிளப்பும். பிறகு அதிலிருந்து முன்னால் ஊர்ந்து வெளியேறும். காலுறையைக் கழற்றுவது போல, உள்பக்கம் வெளியே வந்து சட்டை பின்னால் கிடக்கும். தொட்டியில் ஒரு கிளையோ கூர்முனை இல்லாத கல்லோ இருந்தால் போதும், வேறு உதவி தேவையில்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை சட்டை உரிக்கும்?

குட்டிகள் வேகமாக வளர்வதால் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை உரிக்கும். நன்றாகச் சாப்பிடும் குட்டி இன்னும் சீக்கிரமே கூட உரிக்கும். வளர்ந்த பிறகு வருடத்துக்குச் சில முறைதான். ஆனால் வாழ்நாள் முழுக்க உரித்துக்கொண்டேதான் இருக்கும்.

முட்டையிலிருந்து வந்த குட்டியின் முதல் சட்டை சாதாரணமாக ஒன்று, இரண்டு வாரத்துக்குள் கழலும். அதுவரை முட்டையிலிருந்து உடலுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவே அதற்கு உணவு, அதனால் பெரும்பாலான குட்டிகள் இரையைச் சீண்டுவதில்லை. குட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், முதல் சட்டை உரித்துவிட்டதா, அதன் பிறகு சில வேளையாவது தானாகச் சாப்பிட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அந்தக் குட்டியை விட்டுவிடுவதே நல்லது என்பேன்.

கண் நீலமாக இருக்கும்போது இரை கொடுக்கலாமா?

கொடுத்தால் ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆனால் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. என் பரிந்துரை: கண் வெளுத்ததைப் பார்த்த நாளிலிருந்து சட்டை கழலும் வரை இரை நீட்டாமல் இருங்கள்.

இந்தச் சமயத்தில் பல பாம்புகள் தாமாகவே இரையை மறுக்கும். கண் தெரியாததால்தான் மறுக்கிறது என்று பலர் சொல்வார்கள். அது முழுக் காரணமாக இருக்க முடியாது. பாம்பு இரையைத் தேடுவது நாக்கால் சேகரிக்கும் வாசனையை வைத்துத்தான்; பைத்தான்களுக்கு உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகளும் உண்டு. இரை இருப்பது அதற்குத் தெரியும். காட்டில் இந்த நிலையில் இருக்கும் பாம்பு எளிதாக எதிரியிடம் மாட்டிக்கொள்ளும். அதனால் நடமாடாமல் மறைந்திருப்பதே அதன் இயல்பு. நம் தொட்டியிலும் அதையேதான் செய்கிறது.

சில குட்டிகள், முக்கியமாகக் கார்ன் பாம்புகள், கண் வெளுத்திருந்தாலும் பசியோடு பாய்ந்து எடுக்கும். அப்படிச் சாப்பிட்டுவிட்டால் பதற வேண்டாம், செரித்துவிடும். ஆனால் மறுக்கும் குட்டியின் மூக்குக்கு முன்னால் இரையை ஆட்டி ஆட்டித் தொந்தரவு செய்தால் அது மிரண்டுபோகும். சட்டை உரித்த பிறகும் இரையைக் கண்டு ஒதுங்கும் பழக்கம் வந்துவிடலாம். மங்கலான பார்வையில் இடுக்கியைக் குறிவைத்து உங்கள் விரலைக் கவ்வுவதும் நடக்கும்.

உயிருள்ள எலியை இந்த நாட்களில் தொட்டிக்குள் விட்டுவிட்டு வருவது மட்டும் கூடவே கூடாது. தடுமாறும் பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். எந்த நாளிலும் உறையவைத்து உருக்கிய இரையே பாதுகாப்பு என்பது என் கருத்து. சட்டை உரிக்கும் நாளில் அது வெறும் கருத்து இல்லை, விதி.

ஒரு வாரம், பத்து நாள் பட்டினி கிடந்தால் குட்டி இளைத்துவிடாதா?

ஆரோக்கியமான குட்டி ஒரு வேளை, இரண்டு வேளை தவறுவதால் ஒன்றும் ஆகாது. பாம்புக்கு உடல் சூட்டை உள்ளிருந்து உண்டாக்கும் செலவு இல்லை. நம்மையோ நாயையோ பூனையையோ வைத்து அதன் பசியைக் கணக்குப் போடக் கூடாது. தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். உடலில் நீர் குறைந்தால் சட்டை சரியாகக் கழலாது.

சட்டை உரித்ததும் எப்போது, எவ்வளவு கொடுப்பது?

ஒரு நாள் கழித்துக் கொடுங்கள். பெரும்பாலும் நல்ல பசியோடு இருக்கும். உரித்து முடித்த கையோடு நிறையத் தண்ணீர் குடிக்கும், கழிவும் போகும், அதெல்லாம் முடியட்டும்.

அளவு வழக்கமான அளவுதான். தவறிய வேளையைச் சரிக்கட்ட இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். பாம்பின் உடலில் மிகத் தடித்த பகுதி எவ்வளவு அகலமோ, இரையும் ஏறக்குறைய அதே அகலம். விழுங்கிய பிறகு வயிற்றில் சின்ன மேடு தெரிந்தால் அளவு சரி. முட்டையிலிருந்து வந்து சில வாரமே ஆன கார்ன் பாம்புக்கு ரோமம் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு ஒன்று, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை. பால் பைத்தான் குட்டி பிறக்கும்போதே பெரியது. ரோமம் முளைத்த சுண்டெலியையோ சின்ன எலிக் குஞ்சையோ எடுக்கும். எடை பார்த்துக் கொடுப்பவர்கள் குட்டியின் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

உறைந்த இரையைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க வைத்து உருக்குங்கள். பிறகு ஒரு பையில் போட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். நடுப்பகுதி இன்னும் குளிர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் உறைந்தே இருக்கும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். அதைத் துடைக்கும் வேலை உங்களுடையது.

நேற்று சாப்பிட்டது, இன்று கண் வெளுத்துவிட்டது. என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். வெப்பம் சரியாக இருந்தால் செரித்துவிடும். கையில் எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இரையைக் கக்கிவிட்டது!

இரை பெரிதாக இருந்திருக்கலாம், தொட்டி குளிர்ந்திருக்கலாம், சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள் கையில் எடுத்திருக்கலாம். வெறும் வாந்தி என்று இதை விட்டுவிடக் கூடாது. கக்கும்போது வயிற்று அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்குகிறது. செரிமான நீரும் வீணாகிறது. உடனே அடுத்த இரையைக் கொடுத்தால் அதையும் கக்கும், ஒவ்வொரு முறையும் குட்டி இன்னும் பலவீனமாகும்.

10 முதல் 14 நாள் வரை இரை வேண்டாம். தண்ணீர் மட்டும் வையுங்கள். வெப்பநிலையைச் சரிபாருங்கள். பிறகு வழக்கமானதில் பாதி அளவு இரை கொடுத்து, தொடாமல் விட்டுவிடுங்கள். இரண்டாவது முறையும் கக்கினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும்? எப்படிக் கூட்டுவது?

சட்டை நன்றாகக் கழல்வதும் கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. கார்ன் பாம்புக்குச் சாதாரண நாளில் 40 முதல் 60 சதவீதம் போதும். சட்டை உரிக்கும்போது 60-க்கு மேல் இருக்கட்டும். பால் பைத்தானுக்குச் சாதாரண நாளிலேயே 60 ஒட்டி இருக்க வேண்டும். உரிக்கும்போது 70 வரை கொண்டுபோகலாம். டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கிவிடுங்கள். முள் வைத்த மலிவான கருவிகளை நம்பி மோசம் போனவர்கள் அதிகம்.

தொட்டி முழுவதையும் நனைப்பதை விட நல்ல வழி ஒன்று உண்டு: ஈர மறைவிடம். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், குட்டி தாராளமாக நுழையும் அளவுக்குப் பக்கவாட்டில் ஒரு துளை போடுங்கள். ஓரத்தைத் தேய்த்து மழுங்கடியுங்கள். புதுத் தோல் மென்மையானது, கீறிவிடும். உள்ளே ஈரமான ஸ்பாக்னம் பாசியை நிரப்புங்கள். பாசியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். பாசி கிடைக்காவிட்டால் ஈரமான சமையலறைக் காகிதம் போதும், ஆனால் தினமும் மாற்ற வேண்டும். டப்பாவை வெப்பமான பக்கத்துக்கு அருகில் வையுங்கள். எவ்வளவு ஈரம் வேண்டும், எப்போது வேண்டும் என்பதைக் குட்டியே முடிவு செய்யும். அதற்கு நம்மை விட நன்றாகத் தெரியும்.

அதோடு, குடிநீர்த் தட்டை அகலமானதாக மாற்றி வெப்பப் பக்கத்துக்கு நகர்த்தினாலே ஈரப்பதம் கொஞ்சம் ஏறும். கம்பி வலை மூடி என்றால் அதில் பாதியை மறையுங்கள். முழுவதையும் மூடினால் காற்றோட்டம் போய்விடும். வெப்ப விளக்கு காற்றை உலர்த்தும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தரையில் செய்தித்தாள் விரித்திருந்தால் ஈரம் நிற்காது. தேங்காய் நார்த்தூள் நன்றாகப் பிடித்துவைக்கும். தேவதாரு மரத்தூள் எந்தப் பாம்புக்கும் ஆகாது.

ஈரம் நல்லது என்பதற்காகத் தரையைச் சொதசொதவென்று வைத்தால் வயிற்றுச் செதில்கள் அழுகத் தொடங்கும், கொப்புளம் வரும், மூச்சுத் தொற்றும் வரும். காற்றில் ஈரம் இருக்க வேண்டும், பாம்பு படுக்கும் தரை நனைந்திருக்கக் கூடாது.

வெப்பநிலையை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். கார்ன் பாம்புக்கு வெப்பப் பக்கம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 25. பால் பைத்தானுக்கு வெப்பப் பக்கம் 31, 32. குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. எந்த வெப்பக் கருவியானாலும் தெர்மோஸ்டாட் (வெப்பம் அளவு தாண்டாமல் தானே கட்டுப்படுத்தும் கருவி) வழியாகவே இணைத்திருக்க வேண்டும்.

சீக்கிரம் உரியட்டும் என்று தினமும் தண்ணீரில் ஊறவைக்கலாமா?

வேண்டாம். சரியாக உரிந்துகொண்டிருக்கும் பாம்புக்கு ஊறல் தேவையில்லை. கண் வெளுத்த நிலையில் தூக்கித் தண்ணீரில் போடுவது அதற்குப் பெரிய மிரட்டல். உரித்து முடித்த பின்னும் துண்டுகள் ஒட்டியிருந்தால் மட்டுமே ஊறவைப்பது. எண்ணெய், கிரீம் எதையும் தடவாதீர்கள்.

குட்டி தானாகவே எந்நேரமும் தண்ணீர்த் தட்டில் கிடந்தால், காற்று வறண்டிருக்கலாம், வெப்பம் அதிகமாக இருக்கலாம், அல்லது உண்ணி பிடித்திருக்கலாம். தட்டின் தண்ணீரில் மிளகுத்தூள் அளவில் கருப்புப் புள்ளிகள் மிதக்கின்றனவா, கண் விளிம்பிலும் தாடைக்கு அடியிலும் ஏதாவது நகர்கிறதா என்று பாருங்கள்.

கையில் எடுத்துப் பழக்குவதைத் தொடரலாமா?

கண் வெளுத்தது முதல் சட்டை கழலும் வரை நிறுத்திவையுங்கள். கண் சரியாகத் தெரியாத குட்டி, நிழல் அசைந்தாலே பாயும். சாதுவான பாம்பு திடீரென்று சீறுகிறதே என்று வருந்தாதீர்கள்; ஒரு வாரத்தில் பழைய குணம் திரும்பிவிடும். தண்ணீர் மாற்றவும் கழிவை எடுக்கவும் கையை மெதுவாக, பக்கவாட்டிலிருந்து நுழைத்து வேலையை முடித்துவிடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமந்திருக்கும், இது எல்லா நாளுக்கும் பொருந்தும்.

சட்டை துண்டு துண்டாக வந்திருக்கிறது, உடம்பில் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உரிக்க ஆரம்பித்து ஒரு நாள் ஆகியும் ஒட்டியிருந்தால் உதவலாம். காற்றுத் துளை உள்ள, மூடியுள்ள டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். 27 முதல் 30 டிகிரி, ஆழம் பாம்பின் பாதி உயரத்துக்கு மேல் வேண்டாம். 15, 20 நிமிடம் போதும். பக்கத்திலேயே இருங்கள், குட்டிகள் களைத்துப்போனால் மூழ்கிவிடும். பிறகு ஈரத் துணியைத் தளர்வாகப் பிடித்து அதற்குள் குட்டியை ஊர்ந்து போக விடுங்கள். துணியின் உரசலிலேயே பெரும்பாலான துண்டுகள் கழன்றுவிடும். வரவில்லையா, விட்டுவிட்டு மறுநாள் மறுபடி செய்யுங்கள். நகத்தால் பிய்த்தால் அடியிலுள்ள புதுத் தோலும் சேர்ந்து வரும்.

ஒரு முறை இப்படி நடந்தால் ஈரப்பதக் குறைவுதான் முதல் சந்தேகம். ஈரத்தைச் சரிசெய்த பிறகும் அடுத்தடுத்து நடந்தால் உண்ணி, நீரிழப்பு, பழைய காயத் தழும்பு, சத்துக் குறைவு, உள்நோய் என்று தேட வேண்டியிருக்கும்.

கழன்ற சட்டையை என்ன செய்வது?

எறிவதற்கு முன் ஒரு முறை விரித்துப் பாருங்கள். இரண்டு இடம் முக்கியம். தலைப்பகுதியில் இரண்டு கண் செதில்களும் வட்டமாக, முழுதாக இருக்க வேண்டும். அங்கே ஓட்டை இருந்தால் செதில் கண்ணிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்தது வால் நுனி; அது கூர்மையாக முடிய வேண்டும். நுனியில் தங்கிய தோல் காய்ந்து இறுகினால் இரத்த ஓட்டம் தடைபட்டு வால் நுனி கருத்து உதிரும். குட்டிகளுக்கு வால் மெல்லியது என்பதால் இது சீக்கிரம் நடக்கும். வால் நுனியை ஈரத் துணியால் சுற்றிப் பொறுமையாகத் தளர்த்துங்கள்.

சட்டை பாம்பை விட நீளமாக இருக்கிறதே என்று வியக்க வேண்டாம். கழலும்போது தோல் இழுபட்டு நீள்கிறது. அதை அளந்து குட்டியின் நீளம் சொல்லாதீர்கள்.

கண் செதில் தங்கிவிட்டது. இடுக்கியால் எடுக்கலாமா?

கூடாது. ஒட்டும் நாடாவாலும் கூடாது. அடியில் இருக்கும் புதுச் செதில் கிழிந்தால் கண்ணே போய்விடும். ஈர மறைவிடத்தைத் தொடர்ந்து வையுங்கள். பெரும்பாலும் அடுத்த சட்டையோடு வந்துவிடும். அப்போதும் வரவில்லை என்றாலோ, நடுவில் கண் வீங்கினாலோ, அதை எடுப்பது மருத்துவரின் வேலை.

சட்டை உரித்து இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் சாப்பிடவில்லை. எப்போது கவலைப்பட வேண்டும்?

முதலில் தராசை எடுங்கள். கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். வாரம் ஒரு முறை எடை குறித்துவைத்தால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். எடை நிற்கிறது, குட்டி சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் வெப்பம், மறைவிடம், இரையின் சூடு ஆகியவற்றைச் சரிபார்த்து ஒரு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் முயலுங்கள். பால் பைத்தான்கள் இரை மறுப்பதில் பேர் போனவை. இரவில், விளக்கை அணைத்து, மறைவிடத்தின் வாசலில் இரையை வைத்துவிட்டு அறையை விட்டுப் போய்விடுங்கள். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் சில குட்டிகள் சாப்பிடவே சாப்பிடாது.

எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், முதுகெலும்பு புடைத்துத் தெரிந்தால், வாய் திறந்து மூச்சு விட்டால், மூக்கில் குமிழ் வந்தால் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது எடைக் குறிப்பு, தொட்டியின் புகைப்படம், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் அளவுகள், கடைசியாகக் கழன்ற சட்டை நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். குட்டியைத் துணிப்பையில் கட்டி, பையை ஒரு டப்பாவில் வைத்து, வழியில் குளிர் படாமல் கொண்டுபோங்கள்.